அவரவர் கையால்

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். நானும் மாறியிருக்கிறேன். பகை ஒன்றும் இல்லை. பக்கத்தில் வந்தால் சுகம் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார், பிறகு குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "எழுதிப்போட்டியளோ?" என்று கேட்பார். என்னத்தை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மரண சாசனத்தைத்தான். கண்ணை மூடிய பிறகு வீடு யாருக்கு, நகை யாருக்கு, ஊரில் கிடக்கிற காணித் துண்டு யாருக்கு என்கிற அந்தத் தாளை.

பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டுமுன் கேட்பார். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பவரிடம் கேட்பார். ஒரு சாமத்திய வீட்டில், பெரியவளான பெண்ணின் தகப்பன் மண்டப வாசலில் பன்னீர் தெளித்து எல்லோரையும் வரவேற்றுக்கொண்டு நின்றபோது கேட்டார். மனிதர் பன்னீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"நல்ல நாளிலை உங்களுக்கு வேறை கதை இல்லையே அக்கா?" என்றார் அவருடைய மனைவி.

"கெட்ட நாளிலை கேட்டால் எழுதக் கை வராது பிள்ளை," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய் இரண்டு வடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லிபெர்த்தா வீதியில் ஒரு நொத்தாயோவின் கந்தோர் அறைகளை இருபது வருடத்துக்கு மேலாகத் துடைத்தவர் அவர். நொத்தாயோ என்றால் எங்கள் ஊர் நொத்தாரிசுதான். ஆனால் இங்கே அவர் பெரிய ஆள். வீடு வாங்குவது, விற்பது, செத்தவரின் சொத்தைப் பிரிப்பது எல்லாம் அவருக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். அந்தக் கந்தோரைக் கூட்டித் துடைப்பவருக்கு எங்கள் ஆட்கள் நொத்தாரிசு அக்கா என்று பெயர் வைத்தார்கள். நக்கலுக்கு வைத்த பெயர், கொஞ்சக் காலத்தில் மரியாதைப் பெயராகிவிட்டது.

ஆள் கட்டை. கண்ணாடியைக் கறுப்பு நூலில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தோளில் எப்போதும் ஒரு பெரிய பை. அதற்குள் கோடு போடாத வெள்ளைத் தாள் ஒரு கட்டும் நாலைந்து நல்ல பேனையும் இருக்கும். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம், பள்ளிக்கூடப் படிவம், ஆசுபத்திரிப் படிவம் எதைக் கொண்டுபோனாலும், பஸ் தரிப்பிடத்தில் என்றாலும், மடியில் வைத்துத் தன் உருண்டை எழுத்தில் நிரப்பித் தருவார். ஆனால் மரண சாசனத்துக்கு மட்டும் பேனையைத் தொடமாட்டார். அவரவரே எழுத வேண்டும். எழுதும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எழுதியதை வாசிக்கவும் மாட்டார்.

"ஆரிட்டைப் படிச்சனீங்கள் இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நிலம் துடைக்கிறவளை ஆரும் மனிசராய் எண்ணுறேல்லைப் பிள்ளை. அண்ணன் தம்பி சண்டையெல்லாம் என்ரை தலைக்கு மேலாலை நடக்கும். கேட்டுக்கொண்டு துடைக்க வேண்டியதுதான்," என்றார்.

மன்னார்ப் பக்கத்து அண்ணர் ஒருவர், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுபவர், அக்காவின் தொல்லை பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு சாசனத்தோடு வந்து நின்றார். கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடித்து, நாலு பக்கமும் பூக்கரை போட்டு, கீழே கையெழுத்து வைத்து, பழுதாகாமல் இருக்க லாமினேட்டும் செய்திருந்தார். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு நோய். சண்டைக்குள் ஓடி ஓடி, மழையில் நனைந்த பிறப்புப் பத்திரத்தை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தவர்கள் நாங்கள். முக்கியமான கடதாசி என்றால் உடனே பிளாஸ்டிக்குக்குள் போட்டால்தான் நெஞ்சு ஆறும்.

அக்கா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நல்ல வடிவாய் இருக்குது. சாப்பிடேக்கை கோப்பைக்குக் கீழை விரியுங்கோ," என்றார்.

"ஏன் தங்கச்சி? கையெழுத்து வைச்சிருக்கிறன்தானே?"

"கையெழுத்து உங்கடை. மிச்சமெல்லாம் மெசினின்ரை. முழுக்க உங்கடை கையாலை எழுத வேணும் அண்ணை. திகதியும் கையாலை. தமிழிலை எழுதுங்கோ, இஞ்சை ஏற்பினம். மெசின் எழுதினதை ஏற்கமாட்டினம்."

அண்ணர் அங்கேயே, கோயில் வாங்கில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தமிழில் நாலு வரிக்கு மேல் எழுதாத மனிதர். ஒரு மணித்தியாலம் எடுத்தது. அவருடைய மனைவி மீன் வாங்கப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்.

இன்னொரு சோடி, ஒரே தாளில் இரண்டு பேருமாக எழுதி, நல்ல காரியம் என்று நாலு மூலைக்கும் மஞ்சளும் பூசிக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பிறகு அவளுக்கு, அவளுக்குப் பிறகு எனக்கு என்று எழுதி, கீழே இரண்டு கையெழுத்து. அக்கா கண்ணாடியைக் கழற்றினார். தாளை நடுவால் கிழித்து மேல்பாதியைக் கணவனிடமும் கீழ்ப்பாதியை மனைவியிடமும் கொடுத்தார்.

"நாங்கள் ஒரே கோப்பையிலை சாப்பிடுற ஆக்கள் அக்கா," என்றார் கணவர்.

"வடிவாய்ச் சாப்பிடுங்கோ தம்பி. எழுதேக்கை மட்டும் தனித்தனி. இஞ்சத்தைச் சட்டம் ஒரு தாளிலை ரெண்டு பேரை விடாது. அவளுக்கும் உங்களுக்குக் காட்டாத ஒரு விருப்பம் இருக்கும். அதை அவள் தன்ரை தாளிலை எழுதட்டும்."

அந்தப் பெண் ஒரு புதுத் தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு தனியாக எழுதினாள். நிறைய எழுதினாள் என்று கேள்வி.

என் கல்யாணத்துக்கும் அவர் வந்தார். கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வேறு நகரத்தில் இருந்து ஐயரைக் கூட்டிவந்து செய்த கல்யாணம். எல்லோரும் சங்கிலி, மோதிரம், காப்பு என்று தந்தார்கள். இவர் ஒரு நீளப் பெட்டி தந்தார். திறந்தால் இரண்டு பேனை.

"ஒண்டு மாப்பிள்ளைக்கு, ஒண்டு உனக்கு," என்றார். "கொமூனேயிலை பதிஞ்சாச்சோ?"

பதியவில்லை. இங்கே நகரசபையில் பதிய ஊரில் இருந்து கடதாசிகள் வரவேண்டும். பிறப்புப் பத்திரம், கல்யாணம் ஆகாதவர் என்கிற பத்திரம், அவற்றுக்கு மொழிபெயர்ப்பு, முத்திரை. வரட்டும், செய்வோம் என்று இருந்தோம். தாலி கட்டியாயிற்று, இருநூறு பேர் சாப்பிட்டாயிற்று, மூன்று மணித்தியால வீடியோ இருக்கிறது. இதைவிட என்ன பதிவு என்று நினைத்தோம். மணவறையில் வைத்துக் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனைப் பெட்டியை அலுமாரியின் அடித்தட்டில் போட்டேன்.

பத்து வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வீடு வாங்கினோம். முன்னறை ஒன்று, சமைக்கக் குசினி, குசினிக்குப் பக்கத்தில் சின்ன அறை ஒன்று. கல்யாணத்துக்கு முன்பே என் கணவரும் இவருடைய தம்பியும் வாடகைக்கு இருந்த அதே வீடுதான். உறுதிப் பத்திரம் இவர் பெயரில் மட்டும். அதையும் அக்கா எங்கேயோ அறிந்துவிட்டார். காணும்போதெல்லாம், "பதியாத கலியாணம், ஒராளின்ரை பேரிலை வீடு. எழுதிப்போட்டியளோ?" என்பார். நான் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பிறகு ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் கதிரையில் இருந்து சரிந்தார். மூளையில் இரத்தக் கட்டி. உயிர் தப்பியது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது இரண்டு சொல்தான். ஒன்று "ஓம்". மற்றது இத்தாலியர் எதைச் சொல்லத் தொடங்குமுன்னும் சொல்கிற "அல்லோரா". தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாம் என்றால் அல்லோரா. அழுகை வராத நாளில் நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சிரித்திருக்கிறோம்.

இரண்டாவது கட்டி வந்தால் தாங்காது என்று வைத்தியர் சொன்ன அன்று நான் அக்காவைத் தேடிப் போனேன். அவர் கந்தோர் வாசலில் வாளியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். 'அப்பவே சொன்னனான்' என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

"வீடு உனக்கு வராது பிள்ளை," என்றார். "இந்தச் சட்டத்துக்கு நீ அவருக்கு மனிசி இல்லை. கூட இருந்தவள். கொஞ்ச வருசம் இருக்க விடுவினம், பிறகு வெளிக்கிட வேணும். பிள்ளையும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. வீடு தம்பிக்குப் போகும்."

"இப்ப பதியேலாதோ?"

"கடதாசி வர மாசக்கணக்காகும். வந்தாலும் வாய் திறந்து சம்மதம் சொல்ல வேணும். நொத்தாயோவைக் கூட்டிக்கொண்டு போனாலும் உன்ரை மனிசன் வாயாலை சொல்லக் கேட்டுத்தான் எழுதுவார். வெறும் ஓம் காணாது."

"அப்ப நீங்கள் எழுதுங்கோ அக்கா. இவர் கைநாட்டு வைப்பார். ஊரிலை வைக்கிறதுதானே."

"இஞ்சை கைநாட்டுச் செல்லாது."

"அப்ப இவற்ரை கையைப் பிடிச்சு நான் எழுதுறன். ஒரு வரிதானே அக்கா. ஆருக்குத் தெரியப் போகுது?"

அவர் முகம் மாறியது. வாளியில் இருந்து எழும்பி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஆட்கள் வந்து காத்திருக்கிற அறையில், மெத்தைக் கதிரையில் என்னை இருத்தி, தான் நின்றபடி சொன்னார்.

இந்த வேலைக்கு வருமுன் ஒரு வயதான சிஞ்ஞோராவை, ஒரு இத்தாலியப் பெண்மணியை, ஒன்பது வருடம் பார்த்தாராம். வீட்டோடு வேலை. சிஞ்ஞோராவுக்கு அக்காவில் உயிர். குசினிக்குப் பக்கத்து அறையில் நீ சாகுமட்டும் இருக்கலாம், யாரும் உன்னை வீட்டை விட்டு எழுப்பக்கூடாது என்று எழுதிவைக்க ஆசைப்பட்டார். ஆனால் கை நடுக்கம். பேனை தாளில் நிற்காது. "நான் மணிக்கட்டைப் பிடிச்சன். வேறை ஒண்டும் செய்யேல்லை. சோறு தீத்தேக்கை பிடிக்கிற மாதிரித்தான் பிடிச்சன்," என்றார் அக்கா.

சிஞ்ஞோரா இறந்ததும் தமக்கையின் பெண்கள் வந்தார்கள். எழுத்துப் பார்க்கிற நிபுணர் கண்ணாடி வைத்துப் பார்த்து, இந்த எழுத்தில் இரண்டு கை இருக்கிறது என்றார். முழுத்தாளும் செல்லாமல் போனது. படிக்கட்டில் சூட்கேசோடு இறங்கிய அக்காவை அந்தப் பெண்கள் அடுக்குமாடி முழுவதும் கேட்கக் கள்ளி என்றார்கள்.

"நான் பிடிக்காமல் விட்டிருந்தால் கோணலோ மாணலோ அது அவவின்ரை எழுத்தாய் இருந்திருக்கும். என்ரை கைதான் அவவின்ரை விருப்பத்தைக் கெடுத்தது." சொல்லிவிட்டு மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். அந்தத் தாளை அன்றைக்குத் திறந்து வாசித்தவர் இந்த நொத்தாயோதான். பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வேலை கொடுத்தவரும் அவர்தான்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கந்தோர் சாப்பாட்டுக்குப் பூட்டுகிற நேரம் அது. சின்னப் பிள்ளைகள் கணக்குச் செய்கிற கட்டக் கொப்பி ஒன்று கொண்டுவந்திருந்தார். "அந்தப் பேனை எங்கை?" என்று என்னிடம் கேட்டார். கல்யாணத்துக்குத் தந்ததை அவர் மறக்கவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"தம்பி, வலக்கை போனால் என்ன, இடக்கை இருக்குதுதானே," என்றார் இவரிடம். "ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். மேலை திகதி போடுங்கோ. கீழை என்னவும் எழுதுங்கோ. என்னை ஏசியும் எழுதலாம்."

இவர் என்னைப் பார்த்து, "அல்லோரா," என்றார். வேண்டாம் என்று அர்த்தம். அக்கா பேனையை அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதல் கிழமை வெறும் கோடுதான். பிறகு ஒரு ட. பிறகு படம். ஒரு மாதத்தில் 'பால் இல்லை' என்று எழுதினார். நான் அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது காட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அக்கா தவறாமல் வந்தார். வைத்தியரிடம் போய், இவருக்குச் சொல்வது விளங்குகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஒரு கடிதமும் வாங்கிவைக்கச் செய்தார். கொப்பியை மட்டும் ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை. "உன்ரை மனிசன்ரை கொப்பி. எனக்கென்னத்துக்கு?" என்பார்.

மூன்றாவது மாதம், சந்தையில் தர்ப்பூசணி விற்பவர்கள் கத்திக்கொண்டிருந்த ஒரு வெக்கை நாளில், அக்கா பையில் இருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். "இண்டைக்கு," என்றார்.

இவர் நிமிர்ந்து இருந்தார். திகதியை எழுதினார். பிறகு, 'என்ரை வீடு முழுவதும் என்ரை மனிசிக்கு' என்று தொடங்கினார். மனிசி என்று எழுதி என் முழுப் பெயரையும் எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் நெற்றியில் வியர்வை வந்தது. என் பெயரின் நடுவில் கை வழுக்கியது. பேனை தாளுக்கு வெளியே போய் மேசையில் கீறியது. அவர் திரும்ப வைத்தார். திரும்ப வழுக்கியது. கண்ணால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியவில்லை. என் கை தானாகவே அவருடைய கையை நோக்கிப் போனது.

அன்றைக்கு மட்டும் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. பாய்ந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். வாளி தூக்கித் தூக்கி உரமேறிய கை. "விடுங்கோ அக்கா," என்றேன். விடவில்லை. "தொட்டால் கெட்டுது," என்று என் காதுக்குள் சொன்னார். நான் அழ அழ, அவர் பிடித்த பிடியில் என் கல்யாணக் காப்பு நெளிந்துபோக, இவர் என் பெயரை எழுதி முடித்தார். தன் பெயரை எழுதினார். பேனையை வைத்துவிட்டு "ஓம்" என்றார். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது அந்த ஒரு வரிக்கு.

தாளை அவரையே மடிக்கச் சொல்லி, அவரையே உறைக்குள் வைக்கச் சொன்னார் அக்கா. அது நொத்தாயோவின் இரும்புப் பெட்டிக்குப் போனது. இவர் கொப்பியை விடவில்லை. அடுத்த மாசி மாதம் வரை, கடைசிக்கு முந்தின நாள் வரை எழுதினார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு நொத்தாயோ உறையைத் திறந்தார். இவருடைய தம்பியும் வந்திருந்தார். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை அவருக்கு. கெட்டவர் இல்லை. ஆனால் தமையனோடு தான் முதலில் இருந்த வீடு, அதில் தனக்கும் ஒரு பிடி இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் ஒரு எண்ணம். தாளைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"இது அண்ணன்ரை எழுத்தில்லை. அவற்ரை எழுத்து எனக்குத் தெரியாதோ? அச்சு மாதிரி இருக்கும். இது ஆரோ எழுதினது." அப்படியே திரும்பி அக்காவைப் பார்த்தார். "இந்தக் கந்தோரிலை வேலை செய்யிற ஆக்களுக்கு இதெல்லாம் கைவந்த கலைதானே."

அக்கா கையில் இருந்த துடைப்பக் கட்டையைச் சுவரில் சாத்தினார். அது வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்துத் திரும்பவும் சாத்தினார். வீடு போனால் நான் இன்னொரு வீட்டு மூலையில் ஒதுங்கிக்கொள்வேன். இன்னொரு தரம் கள்ளி என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் இந்த மனுசி தாங்குமோ என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

வழக்கறிஞரிடம் போகுமுன் வீட்டுக்கு ஒருமுறை வரச் சொல்லித் தம்பியிடம் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியோடு வந்தார். அக்காவும் வந்தார். கட்டக் கொப்பியைத் தம்பிக்கு முன்னால் வைத்தார். "இடக்கையாலை எழுதினது. முதல் நாளிலை இருந்து கடைசி மட்டும் திகதியோடை இருக்குது. நொத்தாயோ தந்த பிரதியிலை இருக்கிற எழுத்தோடை ஒத்துப் பாருங்கோ. நான் இதுக்குள்ளை என்ன இருக்குதெண்டு அறியன்," என்று சொல்லிவிட்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பி புரட்டினார். கோடுகள். ட. பால் இல்லை. 'இண்டைக்கு மழை.' 'நொத்தாரிசு அக்கா சரியான அரியண்டம்.' அதற்கு அவருடைய மனைவி சிரித்துவிட்டாள். 'மனிசி இளைச்சுப் போனாள்.' எனக்கு அது முன்பே தெரியும். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தம்பி இன்னும் புரட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன்.

'வந்த புதுசிலை எனக்கும் தம்பிக்கும் ஒரு சோடி சப்பாத்து. காலமை அவன். பின்னேரம் நான். அவனுக்கு இறுக்கம். ஒருநாளும் சொல்லேல்லை.'

"எனக்கு இறுக்கமெண்டு ஆருக்கும் தெரியாது," என்றார் தம்பி. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. "வேலை தேடப் போகேக்கை போடுறது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அண்ணி."

கொப்பியை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். மனைவி அவருடைய முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரத்தால் எழும்பிப் போய்ப் பல்கனிக் கதவைத் திறந்தார்.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோ. அது அண்ணன்தான்," என்றார். "நான் கதைச்சது பிழை."

அக்கா உள்ளே வந்தார். "பிழையில்லைத் தம்பி. கேக்கத்தான் வேணும். கேட்டால்தானே தெளியும்," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்கள் எழுதிப்போட்டியளோ?" என்று கேட்டார்.

அவர்கள் போன பிறகு நான் அக்காவின் காலில் விழப் போனேன். "நீங்கள்தான் எனக்கு இந்த வீட்டைத் தந்தனீங்கள்," என்றேன். என்னைத் தூக்கி நிறுத்தினார். "நான் ஒண்டும் தரேல்லை. அவர் எழுதினார். நான் உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், அவ்வளவுதான்."

அக்கா இப்போது இங்கே இல்லை. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபின் மகள் ஜெர்மனிக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் வீட்டில் எல்லோரும் எந்நேரமும் வேலைக்கு. யாரிடமும் கேள்வி கேட்க முடியாமல் அவர் என்ன பாடு படுகிறாரோ தெரியாது. போகிற கிழமை விடை சொல்ல வந்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதிப்போட்டியோ?"

எழுதவில்லை. இவ்வளவும் பட்ட நான் எழுதவில்லை. இரண்டு வருடம் நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன். அக்கா பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். அலுமாரியில் மற்றப் பேனை இருந்தது, எனக்கென்று தந்தது. போய் எடுத்துவந்தேன். அவர் எழும்பி, வலிக்கிற முழங்காலோடு, ஒழுங்கையைப் பார்த்தபடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டைத் தம்பியின் மகளுக்கு என்று எழுதினேன். இவருக்கு அது பிடித்திருக்கும். பிறகு இன்னும் ஒரு வரி எழுதினேன். அதை எழுதும்போது எழுத்துக் கோணலாய்ப் போனது, ஆனால் கையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை, வராதது நல்லது. மடித்து உறையில் வைத்து ஒட்டினேன். "முடிஞ்சுதோ?" என்றார். "ஓம்" என்றேன். திரும்பி வந்து ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். இதையும் அவர் படிக்கப்போவதில்லை. கண்ணாடி போட்டால் படிவம் மட்டும்தான் வாசிப்பார்.

அவருடைய பெயரை இந்தப் பக்கங்களில் நான் எங்கும் எழுதவில்லை. முழுப்பெயரையும், தகப்பன் பெயரோடு, பிறந்த ஊரோடு, ஒரே ஒரு தாளில்தான் எழுதியிருக்கிறேன். அது நொத்தாயோவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில், என் கையாலேயே, இப்படி இருக்கிறது: குசினிக்குப் பக்கத்து அறை இவருக்கு. எப்போது திரும்பி வந்தாலும். சாகுமட்டும் இருக்கலாம். யாரும் எழுப்பக்கூடாது.